பி.எஸ்சி. படிக்கும்போதே ஆய்வுப் பயிற்சி: யாருக்குத் தகுதி, எப்போது விண்ணப்பிப்பது?

பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறாள். உயிர்வேதியியல் பி.எஸ்சி., மூன்றாம் செமஸ்டர். பத்தாம் வகுப்பில் 84 சதவீதம், பன்னிரண்டில் 71. முதல் செமஸ்டரில் விழுந்த ஒரு அரியரை அடுத்த செமஸ்டரிலேயே எழுதி எடுத்துவிட்டாள். அப்பா ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிறார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று இளநிலை மாணவர்களுக்கு நடத்தும் உயிர்மருத்துவ ஆய்வுப் பயிற்சியின் விதிகளைப் படித்திருக்கிறாள். ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் தரப்புள்ளி) 3.0 வேண்டும், ஜூனியர் அல்லது சீனியராக இருக்க வேண்டும், பி.எச்டி. போகும் எண்ணம் வேண்டும் என்று இருந்ததாம். "எனக்குத் தகுதி இருக்காக்கா? இல்லேன்னா நான் எதுக்குத்தான் போட முடியும்?" என்பது கேள்வி. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கும் அத்தை மகனுக்கும் ஏதாவது உண்டா என்று கூடவே கேட்டிருக்கிறாள்.

தங்கச்சி, அந்தத் திட்டத்துக்கு நீ விண்ணப்பிக்க முடியாது. காரணம் உன் 71-ம் இல்லை, அரியரும் இல்லை. அந்த விதிகளில் நீ தாண்டிப் படித்த ஒரு வரி இருக்கும்: அமெரிக்கக் குடிமக்கள் அல்லது அங்கே நிரந்தரமாக வசிக்க அனுமதி பெற்றவர்கள் மட்டும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் இளநிலை மாணவர்களுக்காகக் கல்லூரிகளுக்குக் கொடுக்கும் பயிற்சி மானியங்களிலும், அவர்களுடைய தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் கொடுக்கும் கோடைகால ஆய்வுத் திட்டங்களிலும் இந்த விதி உண்டு. அந்த நாட்டு மக்களின் வரிப்பணம், அந்த நாட்டில் நாளைய ஆய்வாளர்களை உருவாக்கச் செலவாகிறது. அதில் நமக்கு வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் இதிலிருந்து ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள். எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் மதிப்பெண் வரிக்குப் போகாதே. முதலில் பணம் யாருடையது என்று பார். அடுத்து, எந்த ஆண்டு மாணவர்களைக் கேட்கிறார்கள் என்று பார். மதிப்பெண் மூன்றாவதுதான். பிள்ளைகள் எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 71 என்ற எண்ணைப் பார்த்துப் பயந்து, தகுதி உள்ள இடத்தைக்கூட விட்டுவிடுகிறார்கள்.

இதே விதி நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். விஞ்ஞானி ஹர் கோவிந்த் குரானா பெயரில் 2007-ல் தொடங்கிய ஒரு திட்டம் இருக்கிறது. நம் மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை ஆதரவில், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத் தொடர்போடு வந்தது. இந்தியாவில் படிக்கும் இந்தியக் குடிமக்களைத்தான் அதில் அமெரிக்க ஆய்வகங்களுக்கு அனுப்புவார்கள். குரானா 1968-ல் நோபல் பரிசு வாங்கிய வேலையை விஸ்கான்சினில் இருந்தபோதுதான் செய்தார், அதனால் அந்தத் தொடர்பு. அறிவிப்பு வருகிறதா என்று ஒவ்வொரு ஆண்டும் பார்த்துக்கொண்டிரு.

இப்போது இரண்டாவது விஷயம், ஆண்டு. இதில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தவள்.

நான் தேவகோட்டைக்காரி. இளநிலை படித்தபோது, இப்படிக் கோடையில் ஆய்வகத்துக்குப் போய்ப் படிக்கலாம், போக வரக் காசும் கொடுப்பார்கள் என்பதே எனக்குத் தெரியாது. கல்லூரிக்கு அறிவிப்பு வந்திருந்தது, ஆனால் பலகைக்கு வரவில்லை. மூன்றாம் ஆண்டு முடியும்போது அலுவலக அலமாரியில் வேறு எதையோ தேடியவர் கையில் அந்தத் தாள் அகப்பட்டு என்னிடம் வந்தது. ஆசையாக விண்ணப்பம் போட்டேன். ஒரே வரியில் பதில்: 'பயிற்சிக் காலத்தில் நீங்கள் எந்தக் கல்லூரியிலும் மாணவியாக இருக்க மாட்டீர்கள்.' அன்றைக்கு அழுதேன். பிறகு முதுகலையில் வாய்ப்புக் கிடைத்தது, பி.எச்டி. முடித்தேன். இன்று கோடைதோறும் என் ஆய்வகத்துக்கு இப்படிப்பட்ட பிள்ளைகளை நானே தேர்ந்தெடுக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

கணக்கு இதுதான். அமெரிக்காவில் இளநிலை நான்கு ஆண்டு. ஜூனியர் என்றால் மூன்றாம் ஆண்டு, சீனியர் என்றால் நான்காம் ஆண்டு. நமக்கு பி.எஸ்சி. மூன்றே ஆண்டு. பெரும்பாலான கோடைத் திட்டங்கள் 'இறுதி ஆண்டுக்கு முந்தைய ஆண்டில் இருப்பவர்' என்பார்கள். பயிற்சி முடிந்து திரும்பிப் போக ஒரு கல்லூரி இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். ஆக உனக்கு உண்மையான வாய்ப்பு ஒரே ஒரு கோடைதான்: நான்காம் செமஸ்டர் தேர்வு முடிந்து ஐந்தாம் செமஸ்டர் திறப்பதற்குள். அந்தக் கோடைக்கான விண்ணப்பமோ அதற்கு முந்தைய செப்டம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போய்விட வேண்டும். அதாவது இந்த மூன்றாம் செமஸ்டரில். சரியான நேரத்தில் கேட்டிருக்கிறாய்.

முதலில் நீ போட வேண்டியது மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு ஃபெலோஷிப். 1934-ல் சர் சி.வி. ராமன் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமி, டெல்லியில் உள்ள இந்திய தேசிய அறிவியல் அகாடமி, அலகாபாத்தில் (இப்போது பிரயாக்ராஜ்) உள்ள தேசிய அறிவியல் அகாடமி, இந்த மூன்றும். மாணவர்களுக்கும் உண்டு, கல்லூரி ஆசிரியர்களுக்கும் உண்டு. எட்டு வாரம். தேர்வானால் நாட்டின் நல்ல ஆய்வகம் ஒன்றில் ஒரு விஞ்ஞானியோடு வேலை செய்யலாம். மாத உதவித்தொகையும் ரயில் கட்டணமும் கிடைக்கும். நவம்பர் வாக்கில் விண்ணப்பம் மூடிவிடும் வழக்கம். பெரிய கல்லூரி, சின்னக் கல்லூரி என்று பார்க்காமல் எல்லா ஊர்ப் பிள்ளைகளையும் எடுப்பதால் இதை எப்போதும் முதலில் சொல்வேன்.

இதோடு பெங்களூர் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் கோடை ஃபெலோஷிப், திருப்பதி, திருவனந்தபுரம், புனே ஊர்களில் உள்ள ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனம்) நிறுவனங்களின் கோடைத் திட்டங்கள் ஆகியவற்றையும் பார். சில இடங்களில் 60 சதவீதம், சில இடங்களில் 65, சில இடங்களில் அதற்கும் மேலே கேட்பார்கள். பத்தாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு தேர்விலும் அந்த எண் வேண்டுமா, இப்போது படிக்கும் படிப்பில் மட்டும் போதுமா என்பதை வரிக்கு வரி வாசி. உன் 71 இதில் பல கதவுகளைத் தாண்டும். அரியரைப் பொறுத்தவரை 'நிலுவையில் தேர்வு எதுவும் இருக்கக் கூடாது' என்பதுதான் பொதுவாகக் கேட்பது. நீ எழுதி எடுத்துவிட்டாய், உனக்கு நிலுவை இல்லை. கேட்டால் மறைக்காதே, கேட்காத இடத்தில் நீயாக எழுதவும் வேண்டாம்.

அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் உதவித்தொகை பற்றி உன் வகுப்பில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆண்டுக்கு 80,000 ரூபாய், அதில் 20,000 கோடை ஆய்வுக்கு. பன்னிரண்டாம் வகுப்பில் மாநில வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு அது, எனவே உனக்கு இல்லை. ஆனால் உன் தோழிகளுக்காக ஒன்று சொல்லி வைக்கிறேன். அதில் ஏற்கப்படும் பாடங்கள் 18. உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், விலங்கியல், தாவரவியல் எல்லாம் உண்டு. பயோடெக்னாலஜி அந்தப் பட்டியலில் இல்லை. நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு பயோடெக் சேர்ந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை யாராவது உன்னிடம் கேட்டால் இதைச் சொல்.

வெளிநாட்டில் எந்த நாட்டவரும் போடலாம் என்று திறந்து வைத்திருக்கும் இடங்களும் உண்டு. ஆஸ்திரியாவில் வியன்னா பயோசென்டர் என்ற ஆய்வு மையத்தின் கோடைப் பள்ளி, சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் இ.பி.எஃப்.எல். என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நடத்தும் உயிர் அறிவியல் கோடைத் திட்டம், ஜப்பானில் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வுப் பயிற்சி. இவை மூன்றும் உன் துறைக்கு நேராகப் பொருந்தும். கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க் ஆய்வுப் பயிற்சி 12 வாரம். அதில் பத்துக்கு எட்டு சி.ஜி.பி.ஏ. (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த தரப்புள்ளி) கேட்பார்கள், திரும்பி வந்தபின் படிக்க செமஸ்டர் பாக்கி இருக்க வேண்டும். போட்டி கடுமைதான். ஆனாலும் போடு. ஒரு விண்ணப்பத்துக்கு எழுதியது அடுத்ததற்கும் உதவும்.

வெளிநாடு என்றதும் பாஸ்போர்ட். இதை இந்த மாதமே ஆரம்பி. அதற்கு முன் எல்லாத் தாள்களையும் தரையில் பரப்பி உன் பெயரை மட்டும் பார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், கல்லூரி மார்க் ஷீட்டில் புள்ளி இல்லாமல் என்று மூன்று பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதினால் நான்காவது பெயர் ஒன்று வரும். இதனாலேயே ஒரு பிள்ளைக்கு உதவித்தொகை வங்கிக்கணக்கில் ஏறாமல் திரும்பிப் போனது. எந்த வடிவம் என்று முதலிலேயே முடிவு செய்து, மற்றதையெல்லாம் அதற்கு மாற்றிவிடு.

அத்தை மகனுக்கு வேறு வழி. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கென்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1979 முதல் குறுங்கால மாணவர் ஆய்வுதவித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. ஊர் விட்டு ஊர் போக வேண்டியதில்லை. தன் கல்லூரியிலேயே முழுநேர ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகப் பிடித்து, இரண்டு மாதத்தில் முடிகிற ஒரு ஆய்வைத் திட்டமிட்டு அனுப்ப வேண்டும். இறுதி ஆண்டு வந்துவிட்டால் முடியாது, ஹவுஸ் சர்ஜனுக்கும் கிடையாது. நோயாளிகளைத் தொடும் ஆய்வு என்றால் கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி கட்டாயம். அந்தக் குழு கூடும் தேதியை முதலில் விசாரிக்கச் சொல். பையன்கள் ஆய்வைத் தீட்டிவிட்டு, குழு கூடாததால் காத்துக் கிடப்பார்கள். பி.எஸ்சி. படிக்கும் உனக்கு இந்தத் திட்டம் பொருந்தாது.

தகுதி விதியில் எழுதாத ஒரு தகுதி இருக்கிறது. தேர்வை அதுதான் முடிவு செய்கிறது. 'ஏன் இந்த ஆய்வில் ஆர்வம்' என்று ஒரு பக்கத்துக்குள் எழுதச் சொல்வார்கள். எனக்கு வருகிற நூறு தாளில் தொண்ணூறு 'சிறுவயது முதலே எனக்கு அறிவியலில் தீராத ஆர்வம்' என்று தொடங்கும். யாரோ எழுதியதைப் பெயர் மாற்றி அனுப்பியவை என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். நீட் கிடைக்கவில்லை, அதனால் இங்கே வந்தேன் என்று எழுதுகிறவர்களும் உண்டு. உண்மைதான், ஆனால் ஆய்வகத்தில் இருப்பவர் தேடுவது ஆய்வுக்கென்றே வருகிறவரை. அந்த அமெரிக்கத் திட்டம் 'பி.எச்டி. போகும் எண்ணம்' என்று கேட்டதும் இதற்காகத்தான்.

நீ என்ன எழுதலாம்? உன் கேள்வியிலேயே இருக்கிறது. அப்பா ஆத்தங்குடி பட்டறையில் வேலை பார்க்கிறார் என்றாய். கண்ணாடியை வைத்து, அதன்மேல் சட்டத்தையும் அச்சையும் பொருத்தி, நிறம் கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஒவ்வொரு பூவிதழிலும் ஊற்றுவார்களே, அதை நான் நின்று பார்த்திருக்கிறேன். மேலே உலர்ந்த சிமென்ட் தூவி, பிறகு ஈரக் கலவையைப் போட்டுக் கையாலேயே சமன் செய்வார்கள். கையுறை போட்டால் கலவையின் பதம் தெரியாது என்பார்கள். அந்தக் கைகளைப் பார்த்திருப்பாய். விரலிடுக்கில் வெடிப்பு, உள்ளங்கையில் தோல் தடித்து, சிலருக்குச் சிவந்து அரிப்பு.

உயிர்வேதியியல் மாணவி இதை எப்படிப் பார்க்க வேண்டும்? ஈரச் சிமென்டின் பி.எச். 12-க்கு மேல், அதாவது கடும் காரம். தோலின் மேல்பரப்போ லேசான அமிலத்தன்மை உடையது. அந்தக் காரம் தோலின் கொழுப்புப் படலத்தை அரித்துவிடும். இது எல்லாருக்கும் நடக்கும். ஆனால் சிலருக்கு மட்டும் ஒவ்வாமை வருகிறது, ஒருமுறை வந்தால் ஆண்டுக்கணக்கில் விடுவதில்லை. சிமென்டில் மிகச் சிறிய அளவில் கரையும் ஆறு இணைதிறன் குரோமியம் அதற்குக் காரணம். அது தோலுக்குள் புகுந்து, அங்கே மூன்று இணைதிறனுக்கு மாறி, புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. நோயெதிர்ப்புச் செல்கள் அதை அந்நியப் பொருளாக நினைவில் வைத்துக்கொள்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் சிமென்டில் இந்தக் குரோமியம் கிலோவுக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று விதி. இரும்பு சல்பேட் சேர்த்து அதைக் குறைக்கிறார்கள். ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்று நீ முதல் செமஸ்டரில் மனப்பாடம் செய்தாயே, அதேதான். உன் அப்பாவின் விரலிடுக்கில் நடக்கிறது.

ஒரே பட்டறையில் ஒரே சிமென்டில் வேலை செய்யும் இருவரில் ஒருவருக்கு மட்டும் ஏன் ஒவ்வாமை? இந்த ஒரு கேள்வியை வைத்து 250 சொல் எழுது. தோல் நோயெதிர்ப்பியலில் வேலை செய்யும் எந்த விஞ்ஞானியும் அதைப் பாதியில் கீழே வைக்க மாட்டார். ஆனால் ஒன்று: நீயாகப் பட்டறைக்குப் போய் யார் கையையும் படம் எடுப்பதோ, மாதிரி எடுப்பதோ கூடாது. மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்வுக்கும் நெறிமுறைக் குழு அனுமதியும் அவரவர் ஒப்புதலும் வேண்டும். மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டு நெறிகள் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. நீ எழுதப் போவது கேள்வியை மட்டும்.

பரிந்துரைக் கடிதத்துக்குத் துறைத்தலைவரைத்தான் கேட்க வேண்டும் என்று இல்லை. உன்னை ஆய்வுக்கூடத்தில் பார்த்த ஆசிரியர் யாரோ அவரைக் கேள். மூன்று வாரம் முன்னதாகக் கேள், உன் மார்க் ஷீட்டையும் எழுதிய பக்கத்தையும் கையில் கொடு. 'ஒழுக்கமான மாணவி' என்ற ஒற்றை வரிக் கடிதத்தால் பயனில்லை. டைட்ரேஷனில் முடிவுப்புள்ளி தவறியபோது நீயாகவே திரும்பச் செய்தாய் என்று அவர் எழுதினால் போதும்.

இவை எதுவும் கிடைக்கவில்லை என்றால்? சும்மா இருக்காதே. காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தில் பயோடெக்னாலஜி துறை இருக்கிறது, உயிர்மருத்துவ அறிவியல் துறை இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் புழுவில் கிருமித் தொற்றை ஆராய்கிறார்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இங்கே வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், 1953-லிருந்து நம் வாசலில் நிற்கிறது. மின்வேதியியலுக்கும் மருத்துவத்துக்கும் என்ன தொடர்பு என்று நினைக்காதே. உன் அப்பத்தா விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் அந்தச் சின்னப் பட்டை இருக்கிறதே, அதிலுள்ள நொதி ரத்தத்தின் குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்கிறது, கருவி அந்த மின்னோட்டத்தை அளந்து எண்ணாகக் காட்டுகிறது. மதுரையில் காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலம், கண் நோய்களுக்கு அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். ஆய்வாளர் ஒருவரின் கட்டுரையின் சுருக்கத்தையாவது வாசித்து, அதில் ஒரு கேள்வியோடு அவருக்கே மின்னஞ்சல் எழுது. பத்துப் பேருக்கு எழுதினால் இரண்டு பேர் பதில் போடுவார்கள். ஒருவர் 'வா' என்பார். ஒரே கடிதத்தைப் பத்துப் பேருக்கும் அனுப்பினால் ஒருவரும் போட மாட்டார்கள்.

வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். வயசுப் பிள்ளையைத் தனியாகப் பெங்களூருக்கு அனுப்புவதா என்பார்கள். தேர்வானால் வரும் கடிதத்தில் விடுதி, வழிகாட்டியின் பெயர், தேதி எல்லாம் இருக்கும். அதைத் தமிழில் சொல்லிக் காட்டு. முதல் முறை அப்பாவோ அம்மாவோ கூட வந்து விடுதியைப் பார்த்துவிட்டுத் திரும்பட்டும். உதவித்தொகை பல இடங்களில் மாதம் முடிந்தோ பயிற்சி முடிந்தோதான் வரும். ஆகவே முதல் மாதச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கையில் ஏழெட்டாயிரமாவது வேண்டும். இதை இப்போதே சொல்லி வைத்தால் அவர்களும் தயாராவார்கள். நம் பல்கலைக்கழகத் தேர்வு மே மாதத்துக்குள் இழுத்துக்கொண்டு போனால், பயிற்சியைச் சில நாள் தள்ளித் தொடங்கலாமா என்று கேள். கேட்டதற்காக யாரும் இடத்தைப் பறிக்க மாட்டார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த 250 சொல்லை எழுதிவிடு. முதலில் தமிழிலேயே எழுது, ஆங்கிலம் பிறகு. எழுதியதும் அப்பாவிடம் வாசித்துக் காட்டு. கலவை போடும் முறையில் எங்கேயாவது தவறாக எழுதியிருந்தால் அவர்தான் திருத்த முடியும்.